பழைய ராணுவ லோரி சூடேறுகிறது, தண்ணீர் குறைகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் பக்கம் தோட்டங்களுக்குள் போய்வரும் பழைய லோரிகள் எங்கள் பட்டறைக்கு வரும். ராணுவத்திலிருந்து கழித்துவிட்ட பெட்ஃபோர்ட், எஞ்சினும் கியர் பெட்டியும் பலமுறை மாறிப்போன ‘சான் தாய் வோங்’ மரக்கட்டை லோரி, ஆசைக்காக வாங்கி வைத்திருப்பவர்களின் அமெரிக்க எம்35 என்று பலவகை. வகை எதுவானாலும் முறையீடு பெரும்பாலும் ஒன்றுதான்: ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, சூடு காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்குப் போகிறது. உதிரிப்பாகம் வாங்க ஈப்போவுக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். பாதிப் பேருக்கு அந்தப் பயணமே தேவைப்படாது.

செம்பனைக் குலை ஏற்றி வரும்போது முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. அந்த நிமிடத்தில் என்ன செய்வது?

ஓரம் கட்டுங்கள், கியரை எடுங்கள், கைபிரேக் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். பிறகு ஒரே ஒரு முடிவு: எஞ்சினை ஓட விடுவதா, நிறுத்துவதா. ஆவி இல்லை, தண்ணீர் கொட்டவில்லை, பெல்ட் சுற்றுகிறது என்றால் சுமையில்லாமல் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஓரிரு நிமிடம் ஓட விடுங்கள். பம்பும் விசிறியும் சேர்ந்து சூட்டைக் கீழே கொண்டுவரும். சூடான எஞ்சினைச் சட்டென்று நிறுத்தினால் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடும். சிலிண்டர் ஹெட்டில் தேங்கிய தண்ணீர் அங்கேயே கொதிக்கும். தண்ணீர் கொட்டிவிட்டது, பெல்ட் அறுந்துவிட்டது, அல்லது முள் இறங்க மறுக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே நிறுத்துங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் சுமார் 111 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய்விடும், கொதிநிலை 100 டிகிரிக்கு இறங்கிவிடும். உள்ளே இருப்பதில் ஒரு பங்கு அப்படியே ஆவியாகி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருக்கும்வரை திறக்கக் கூடாது. முக்கால் மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள். செம்பனை ஆலைக்குக் குலை கொஞ்சம் தாமதமாகப் போனால் ஒன்றும் ஆகாது.

பெட்ஃபோர்ட் ஆர்எல் ஓட்டுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் எஞ்சின் இரண்டு இருக்கைக்கும் நடுவில், ஒரு மூடிக்குள் இருக்கிறது. ஆவி வரும் நேரத்தில் என்ன ஆச்சு என்று அந்த மூடியைத் தூக்கினால் ஆவி முழுவதும் கேபினுக்குள்தான் வரும். முதலில் கீழே இறங்குங்கள்.

யாருக்காவது சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, எண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம். முகம், கண், கை மூட்டு என்றால் நேரே மருத்துவமனை.

ஆறிய பிறகு ஓடைத் தண்ணீரை ஊற்றலாமா?

வீடு வந்து சேர்வதற்கு ஊற்றலாம். ஆனால் எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். கொதிக்கிற வார்ப்பிரும்பு மேல் குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தால் ஹெட்டோ பிளாக்கோ வெடித்துவிடும், அதற்குப் பிறகு இந்தக் கேள்விகளுக்கே வேலையில்லை. கொஞ்சம் சூடு மிச்சம் இருந்தால் எஞ்சினை மெதுவாக ஓட விட்டுக்கொண்டே நூல் போல ஊற்றுங்கள். ஓடைத் தண்ணீரில் மண் இருக்கும், வீட்டுக்கு வந்ததும் வடித்துக் கழுவிவிடுங்கள்.

தண்ணீர் போனதால் சூடாகிறதா, சூடாவதால் தண்ணீர் போகிறதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. கசிவும் சூடும் சேர்ந்தே வருவதால் எல்லோரும் இரண்டையும் ஒரே நோயாக நினைக்கிறார்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் குறைந்து அதனால் சூடேறும் லோரி ஒன்று. தண்ணீர் நிறைய இருந்தும் சூட்டை வெளியேற்ற முடியாமல், அழுத்தம் கூடி, மூடி வழியாகத் துப்பிவிடும் லோரி இன்னொன்று. முதலாவதில் ஓட்டை வேறிடத்தில் இருந்தால் புது ரேடியேட்டர் போட்டும் பயனில்லை. இரண்டாவதற்கு எத்தனை ஹோஸ் மாற்றினாலும் தீராது.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைச் சரியாக வையுங்கள். ஒரு குச்சியை விட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரின் வழிவுக் குழாய் முனையில் ஒரு காலி பாட்டிலைக் கட்டுங்கள். சுமையில்லாமல் ஒரு சுற்று, சுமையோடு ஒரு சுற்று, முடிந்தால் மேடு ஏறி ஒரு சுற்று போய் வாருங்கள். ஒவ்வொரு முறையும் முள் எங்கே நின்றது என்று எழுதுங்கள். ஆறிய பிறகு குச்சியை மறுபடி விடுங்கள்.

மட்டம் இறங்கியிருக்கிறது, பாட்டில் காலி: எங்கோ ஓட்டை. பாட்டிலில் தண்ணீர் நிறைய இருக்கிறது, அதற்கு முன்பே முள் ஏறிவிட்டது: சூடுதான் முதல் காரணம், காற்றோட்டத்தையும் தண்ணீர் ஓட்டத்தையும் பார்க்க வேண்டும். பாட்டில் நிறைகிறது, ஆனால் முள் ஏறவே இல்லை: மூடி கெட்டிருக்கலாம், அல்லது ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) வழியாக சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகலாம். ஒரு பாட்டிலும் ஒரு குச்சியும் இவ்வளவு சொல்லும்போது எதற்காக முதலிலேயே பம்பைக் கழற்றுகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

தினமும் அரை லிட்டர் குறைகிறது. ஆனால் தரையில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லையே?

கழுத்துவரை ஊற்றுகிறீர்களா? பல பழைய லோரிகளுக்கு விரிவுத் தொட்டி கிடையாது. தண்ணீர் சூடாகும்போது விரியும். 25 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் மேல். 20 லிட்டர் பிடிக்கும் லோரியில் அது அரை லிட்டரைத் தாண்டும். கூடுதல் தண்ணீர் வழிவுக் குழாயில் வெளியேறிவிடும். மறுநாள் நீங்கள் ‘குறைந்த’ தண்ணீரை மறுபடி ஊற்றுவீர்கள், அது மறுபடி வெளியேறும். கழுத்திலிருந்து மூன்று, நான்கு சென்டிமீட்டர் கீழே விட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். மட்டம் அங்கேயே நின்றால் உங்கள் லோரிக்கு நோய் இல்லை.

அப்போதும் குறைந்தால், சூடான இரும்பு மேல் சொட்டி அங்கேயே ஆவியாகிறது என்று பொருள். வெள்ளையாக, பச்சையாக, துரு நிறமாகக் கறை விட்டிருக்கும். அதுவும் இல்லையென்றால் தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே போகிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

கசிவை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

முதலில் எஞ்சினைக் கழுவிக் காய வையுங்கள். செம்மண்ணும் எண்ணெயும் அப்பிய எஞ்சினில் கசிவைத் தேடுவது வீண். அடுத்து, கைப்பம்ப் உள்ள அழுத்தச் சோதனைக் கருவி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் கழுத்தில் மாட்டி, மூடியில் எழுதியுள்ள அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றுங்கள். 4 பிஎஸ்ஐ மூடி என்றால் 4தான். பழைய ரேடியேட்டரில் இப்போதைய கார் மாதிரி 15 ஏற்றினால் இல்லாத ஓட்டையை நீங்களே போட்டுவிடுவீர்கள். கால் மணி நேரம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு கீழே போங்கள்.

வாட்டர் பம்பின் அடியில், தண்டுக்குக் கீழே ஒரு சின்னத் துளை இருக்கும். அதை அடைப்பு விழுந்த துளை என்று நினைத்துச் சிலர் பசை வைத்து மூடிவிடுகிறார்கள். உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வருவதற்காகவே வைத்த துளை அது. அங்கே சொட்டினால் பம்ப் சீல் முடிந்தது. விசிறியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் பேரிங்கும் போய்விட்டது, அந்த விசிறி ஒருநாள் ரேடியேட்டரைக் கிழிக்கும்.

ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே உரிந்திருக்கும். கிளிப் பக்கத்தில் அமுக்கிப் பாருங்கள். கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். அதன் உள்ளே சுருள் கம்பி இருக்க வேண்டும். அது துருப்பிடித்து மறைந்திருந்தால், எஞ்சின் வேகம் ஏறும்போது ஹோஸ் ஒட்டிக்கொண்டு தண்ணீரை நிறுத்திவிடும். நின்றபடி ஆக்சிலேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டு நீங்கள் கீழே ஹோஸைப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

பிளாக் பக்கவாட்டில் வட்டத் தகடுகளாக அடித்திருக்கும் வெல்ஷ் பிளக் வெளிப்பக்கமிருந்து துருப்பிடிப்பதில்லை, உள்ளிருந்து பிடிக்கும். வெளியே சின்னத் துருப் புள்ளி தெரிந்தால் பின்னால் தகடு காகிதம் போல ஆகிவிட்டது என்று வையுங்கள். மோசமானவை மேனிஃபோல்டுக்குப் பின்னாலும் கியர் பெட்டிப் பக்கமும் ஒளிந்திருக்கும். ஒன்று போய்விட்டால் கையோடு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள்.

குளிர்நாட்டு ராணுவத்துக்குச் செய்த லோரிகளில் கேபினுக்குள் ஹீட்டர் இருக்கும். நம் ஊரில் அதை யாரும் தொடுவதில்லை, அதனால் யாரும் பார்ப்பதும் இல்லை. கால் வைக்கும் இடம் ஈரமாக இருக்கிறதா, இனிப்பு வாசனை வருகிறதா? ஹீட்டர் குழாய் இரண்டையும் எஞ்சின் பக்கத்திலேயே ஒன்றோடு ஒன்று இணைத்துவிடலாம்.

குளிர்ந்தபோது மட்டும் சொட்டி, சூடானால் நிற்கும் கசிவும் உண்டு. அது பெரும்பாலும் கிளிப் அல்லது கேஸ்கட் இணைப்பு. எனவே அழுத்தச் சோதனையைக் குளிரிலும் சூட்டிலும் செய்யுங்கள்.

தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறதா என்று எப்படித் தெரியும்?

லோரியை இரவு முழுக்க அசையாமல் நிறுத்துங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் கீழே படுத்து, ஆயில் வடிக்கும் பிளக்கை மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் தங்கியிருக்கும். முதலில் தண்ணீர் சொட்டினால் வேறு சாட்சி வேண்டாம். டிப்ஸ்டிக்கில் பால் கலந்த மாதிரி தெரிந்தாலும் அதே கதை. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியில் மட்டும் கொஞ்சம் வெண்மை படிந்திருந்தால், சின்னச் சின்ன ஓட்டம் ஓடும் லோரியில் காற்றின் ஈரம்கூட அப்படிச் செய்யும். அதை வைத்து மட்டும் ஹெட்டைக் கழற்றாதீர்கள்.

ஹெட் கேஸ்கட்டுக்கு இரண்டு சோதனை. ஒன்று, காசில்லாதது: குளிர்ந்த எஞ்சினில் விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரைக் கழுத்துவரை நிரப்பி, மூடி போடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பம்ப் சுற்றாததால் தண்ணீர் அமைதியாக இருக்க வேண்டும். வேகம் கூட்டியதும் குமிழி வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு உள்ளே வருகிறது. ஒரு நிமிடத்துக்குள் பார்த்துவிட்டு நிறுத்துங்கள். இரண்டாவது, நீல நிறத் திரவம் உள்ள சோதனைக் குழாய். ரேடியேட்டர் கழுத்துக் காற்றை அதன் வழியாக இழுத்தால், எரிந்த வாயு இருக்கும்போது நீலம் மஞ்சளாகும்.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் வெள்ளைப் புகை வந்து நின்றுவிட்டால் பயம் வேண்டாம். சூடான பிறகும் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை தொடர்ந்தால் சிலிண்டருக்குள் தண்ணீர். ஸ்டார்ட்டர் பாதியில் முட்டி நின்றால் மறுபடி அடிக்காதீர்கள். சிலிண்டரில் தண்ணீர் நின்றிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறதா? ஆயில் கூலர் உள்ள எஞ்சின் என்றால் முதலில் அதைப் பாருங்கள், ஹெட்டைப் பிறகு பார்க்கலாம்.

மெதுவாகப் போனால் சூடாகிறது, வேகமாகப் போனால் இறங்குகிறது. ஏன்?

காற்று போதவில்லை. பெல்ட் தளர்ந்திருக்கும், பளபளத்துச் சறுக்கும், அல்லது விசிறியைச் சுற்றி இருக்க வேண்டிய தகட்டுக் கூண்டை யாரோ கழற்றி எறிந்திருப்பார்கள். பெல்ட்டை நடுவில் அமுக்கினால் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

எதிர்மாறாக, தட்டையான பெரிய சாலையில் கோலகங்சார் வரை வேகமாகப் போனால்தான் சூடேறுகிறது என்றால் தண்ணீர் ஓட்டம் தடைபடுகிறது: அடைத்த ரேடியேட்டர், ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ், இதழ் தேய்ந்த பம்ப்.

ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று கழற்றாமல் பார்க்க முடியுமா?

வெளி அடைப்பு முதலில். செம்பனை நார், லாலான் புல்லின் பூ, காய்ந்த சேறு எல்லாம் ரேடியேட்டரின் மெல்லிய தகட்டு இதழ்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். எஞ்சின் பக்கமிருந்து வெளியே தள்ளும்படி தண்ணீர் அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போகும். உயர் அழுத்தக் குழாயைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், இதழ் படுத்துவிடும்.

உள் அடைப்புக்கு: எஞ்சின் நன்றாகச் சூடானதும் நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டர் முகத்தை வரிசையாகப் பாருங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவே குளிர்ந்த திட்டு இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஓடவில்லை.

இந்த அடைப்பு எங்கிருந்து வருகிறது? கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புப் பாறை நிலம். குன்றடிக் கிணற்றுத் தண்ணீர் கடினநீர். கெண்டியில் படியும் வெள்ளைப் பொருக்கு ரேடியேட்டர் குழாயிலும் படியும். தினமும் கசிகிற லோரிக்குத் தினமும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள். ஒவ்வொரு வாளியோடும் புதுச் சுண்ணாம்பு போகிறது. சின்னக் கசிவை விட்டுவைப்பதால் ஒரு வருடம் கழித்துச் சூடு வருவது இப்படித்தான். காய்ச்சி வடித்த (டிஸ்டில்ட்) தண்ணீர் வாங்குங்கள். அது கிடைக்காத இடத்தில் சுத்தமாகப் பிடித்த மழைத் தண்ணீர் கிணற்றுத் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

செம்பு, பித்தளை ரேடியேட்டர் என்றால் அதைப் பொக்கிஷமாக வையுங்கள். ஈயம் வைத்துப் பற்றலாம், மேல் தொட்டியைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்திச் சுத்தம் செய்யலாம், நடுப்பகுதியை மட்டும் புதிதாக மாற்றலாம். இந்த வேலை தெரிந்த ரேடியேட்டர் கடைக்காரரைத் தேடிப் போங்கள். அலுமினியம் வாங்கிப் போடச் சொல்பவர் பேச்சை உடனே கேட்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் சூடு குறையும் என்கிறார்களே?

தெர்மோஸ்டாட் என்பது தண்ணீர் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாத அடைப்பான். அதை எடுத்தால் சில எஞ்சின்களில் சூடு கூடும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது பக்கவழிக் குழாயை மூடும்படி செய்த எஞ்சினில், அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் பம்புக்குத் திரும்பிவிடும். மற்ற எஞ்சின்களில் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, எரிபொருள் கூடுதலாகக் குடித்து, சிலிண்டர் சீக்கிரம் தேயும்.

சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் வெப்பமானியும் வைத்து அடுப்பில் ஏற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், அடியைத் தொடக் கூடாது. அதில் 82 என்று அடித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் அதே அளவில் புதிது.

எங்கள் லோரியில் ஜப்பான் டீசல் எஞ்சின் மாற்றியிருக்கிறது. அதற்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் கூடுதலாகச் சில. பெட்ஃபோர்ட் ஆர்எல்லில் தொழிற்சாலை வைத்தது 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். அதன் இடத்தில் வேறு எஞ்சின் உட்காரும்போது விசிறி ரேடியேட்டரின் நடுவுக்கு நேரே வராது, கூண்டு பொருந்தாது, ஹோஸ் வளைந்து மடங்கும். விசிறி இதழில் ஏறக்குறைய பாதி கூண்டுக்குள் இருக்கும்படி புதிதாகத் தகடு வெட்டிக் கூண்டு செய்யுங்கள். நான் பார்த்த மாற்று எஞ்சின் லோரிகளில் சூட்டுக்குக் காரணம் எஞ்சின் அல்ல, பெரும்பாலும் இந்தக் கூண்டுதான். ரேடியேட்டரின் மேல் தொட்டி எஞ்சின் ஹெட்டைவிடத் தாழ்வாக இருந்தால் ஹெட்டில் காற்று தங்கிவிடும். உச்சியில் ஒரு காற்று வெளியேற்றும் திருகு வையுங்கள்.

முள்ளை நம்பலாமா?

முழுதாக நம்ப வேண்டாம். தண்ணீர் முழுவதும் போய்விட்டால் சென்சார் காற்றில் நிற்கும். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கும். மேட்டில் சூடேறி வந்த முள் சட்டென்று விழுந்தால் மகிழாதீர்கள், நிறுத்துங்கள்.

எம்35 போன்ற ராணுவ லோரிகள் 24 வோல்ட். 12 வோல்ட் மீட்டரும் சென்சாரும் கலந்து மாட்டினால் காட்டுவது எல்லாம் பொய். தெர்மோஸ்டாட் கூட்டின் மேல் மங்கிய கறுப்புப் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்து, அங்கே அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து முள்ளோடு ஒப்பிடுங்கள். பளபளக்கும் உலோகத்தில் அந்த வெப்பமானி குறைவாகக் காட்டும்.

எல்லாம் புதிது போட்டாயிற்று. இன்னும் சூடு.

பெட்ரோல் என்றால் இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கிறதா, கலவையில் பெட்ரோல் குறைவா என்று பாருங்கள். டீசல் என்றால் பம்ப் டைமிங். பிறகு ஒவ்வொரு சக்கரத்தையும் ஓடி நின்றதும் தொட்டுப் பாருங்கள். பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக்கை இழுத்து ஓடும் எஞ்சின் சூடேறாமல் என்ன செய்யும்? பிளாக்கின் வடிகுழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். வராவிட்டால் அதன் பின்னால் துருச்சேறு கட்டியிருக்கிறது. கம்பி விட்டுக் கிளறி, ஹோஸ்களைக் கழற்றி எதிர்த்திசையில் கழுவ வேண்டும்.

மஞ்சள்தூள், முட்டை வெள்ளைக்கரு போட்டால் கசிவு அடைபடுமா?

அடைபடும், ஓட்டை மட்டுமல்ல, ரேடியேட்டர் குழாயும் சேர்ந்து. காட்டுக்குள் மாட்டிக்கொண்டு வேறு வழியே இல்லை என்றால், எஞ்சின் ஆறிய பிறகு மூடியை முதல் பூட்டுவரை மட்டும் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்து, மெதுவாக, மட்டத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டு ஓட்டி வாருங்கள். கொதிநிலை 100க்கு இறங்கிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

உறையாத ஊரில் கூலண்ட் எதற்கு? பச்சைத் தண்ணீர் போதாதா?

உறைவதைத் தடுக்க நமக்குத் தேவையில்லை. துருவைத் தடுக்கத் தேவை. வெல்ஷ் பிளக், பம்ப் இதழ், பிளாக் எல்லாம் இரும்பு. மூன்றில் ஒரு பங்கு கூலண்டும் மீதி வடித்த தண்ணீரும் நம் ஊருக்குப் போதும். கூலண்டைக் கூட்டினால் குளிர்ச்சி கூடாது. கூலண்டில் உள்ள கிளைகால் தண்ணீரைவிடக் குறைவாகவே சூட்டைச் சுமக்கும். ஈயம் வைத்துப் பற்றிய பழைய ரேடியேட்டருக்குப் பழைய வகை சிலிக்கேட் கூலண்ட் வாங்குங்கள். நிறத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள், புட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

வடித்த பழைய கூலண்டை என்ன செய்வது?

கால்வாயில் ஊற்றாதீர்கள், தட்டில் திறந்து வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும். நாய் நக்கும், கொஞ்சம் போதும், சிறுநீரகம் போய் இறந்துவிடும். குழந்தைக்கும் அதே ஆபத்து. வீட்டு வாசலில் வைத்து லோரி பழுது பார்ப்பவர்கள் இதைத் தயவுசெய்து கவனியுங்கள். மூடியுள்ள தொட்டியில் பிடித்து, மேலே பெயர் எழுதி, கழிவு ஆயிலோடு கலக்காமல், கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். தரையில் சிந்தியதை மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி அள்ளிய பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.